சிரிப்பின் மறுபாதி: டி.ஏ. மதுரம்

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். சிரிக்கவும் வைத்தார், சிந்திக்கவும் வைத்தார் என்று மேடைதோறும் அவரைப் பற்றிப் பேசுகிறோம். சென்னை சேப்பாக்கத்தில் அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. தியாகராய நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அச்சிலையை 1969ஆம் ஆண்டு ஜனவரியில், தம் வாழ்வின் இறுதி நாள்களில், அறிஞர் அண்ணா திறந்து வைத்தார். இவையெல்லாம் அவருக்குத் தகும்.

ஆனால், அவர் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடிட்டு எழுதப்படும் இன்னொரு பெயர் உண்டு. டி.ஏ. மதுரம் என்பது அப்பெயர். கடந்த தவணையில் என் வகுப்புத் தோழர்கள் சிலரிடம் இவர் யாரென்று கேட்டேன். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: கலைவாணரின் மனைவி. விடை பிழையன்று, ஆனால் பாதி விடை. சிரிக்க வைத்த கிருஷ்ணனை அறிந்த நாம், அச்சிரிப்பின் மறுபாதியை ஏன் அறியவில்லை? இக்கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுத முனைந்தேன்.

பெண்ணுக்குச் சிரிக்க வைக்கத் தெரியுமா?

இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உலகம் இதைப் பற்றி மிகத் தீவிரமாகவே வாதாடி வந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் ‘வேனிட்டி ஃபேர்’ என்னும் அமெரிக்க இதழில், பெண்களுக்கு நகைச்சுவை ஏன் வருவதில்லை என்று ஒரு கட்டுரையே எழுதினார். பெண்ணின் மனத்தைக் கவர ஆணுக்கு நகைச்சுவை தேவைப்படுகிறது, பெண்ணுக்கு அத்தேவை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு அன்று எழுந்த மறுப்புகள் ஏராளம். 1951ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் லூசில் பால் என்ற பெண்மணி ஒரு நாட்டையே சிரிக்க வைத்திருக்கிறார் என்பது அம்மறுப்புகளுக்குப் போதுமான சான்றாகும்.

நம் சமூகம் இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்டு வந்திருக்கிறது. பெண்ணுக்குச் சிரிக்க வைக்கத் தெரியுமா என்று நாம் கேட்டதில்லை. பெண் சிரிக்கலாமா என்றே கேட்டோம். புகையிலையை விரித்தால் கெட்டுவிடும், பெண் சிரித்தால் கெட்டுவிடுவாள் என்ற பொருளில் வழங்கும் பழமொழியை நம்மில் பலர் வீட்டிலேயே கேட்டிருப்போம். நான் கேட்டது என் பாட்டியிடம். துரியோதனன் கால் இடறியபோது பாஞ்சாலி சிரித்த சிரிப்பால்தான் பாரதப் போரே மூண்டது என்று கதை சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சூதாடியவர்களை விட்டுவிட்டுச் சிரித்தவளைக் குற்றவாளியாக்கிய கதை அது.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்தது நகை. அந்நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அவர் வகுத்தார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளல் என்பது பிறரை எள்ளி நகையாடுதல். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதை அப்படியே நம்பிப் பிடித்துக்கொண்டு விடாதிருத்தல். இப்பாகுபாட்டை வைத்துக்கொண்டு நம் மேடை நாடகங்களையும் திரைப்படங்களையும் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எள்ளும் வேலை ஆணுக்கும், பேதையாக நிற்கும் வேலை பெண்ணுக்கும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சிரிக்க வைப்பவன் ஆண், சிரிக்கப்படுபவள் பெண். மதுரத்தின் வாழ்க்கை நமக்கு முக்கியமாவது இவ்விடத்தில்தான்.

மதுரத்துக்கு முந்திய மேடை

தெருக்கூத்தில் சிரிப்பு மூட்டுபவன் கட்டியங்காரன். அரசனையும் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அவன் எப்போதும் ஆணே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் செழித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்திப் புகழ் பெற்றார் என்றாலும், நாடகத்தில் நடிக்கும் பெண்ணைக் குடும்பப் பெண்ணாகச் சமூகம் மதிக்கவில்லை. மேடையேறுவதே இழுக்கு என்றிருந்த காலத்தில், மேடையேறிச் சிரிக்க வைப்பது இரட்டை இழுக்கு அல்லவா?

நம் பினாங்குக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1880களில் பங்சாவான் என்ற மலாய் நாடக வடிவம் ஜார்ஜ்டவுனில்தான் உருவெடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவான கலை அது. பங்சாவான் மேடையில் பிற்காலத்தில் பெண்கள் பாடியும் ஆடியும் பெரும்புகழ் பெற்றனர். ஆயினும் கோமாளி வேடம் அங்கும் ஆண்களின் சொத்தாகவே இருந்தது. மொழி மாறினாலும் வழக்கம் மாறவில்லை.

1931ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதில் கதாநாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி, 1936ஆம் ஆண்டில் ‘மிஸ் கமலா’ என்ற படத்தை இயக்கவும் செய்தார். பெண்களுக்குத் திரையுலகம் சற்றே கதவு திறந்த காலம் அது. அக்கதவு வழியாகத்தான் மதுரமும் நுழைந்தார்.

திருச்சியிலிருந்து பூனா வரை

டி.ஏ. மதுரம் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவர். ஆடவும் பாடவும் கற்றவர். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரத்னாவளி’ அவருடைய முதல் படம். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘வசந்தசேனா’ அவர் வாழ்க்கையையே திருப்பியது. அப்படத்தில் உடன் நடித்தவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று, வில்லுப்பாட்டிலும் தேர்ச்சி பெற்று, அப்போதுதான் திரைக்கு வந்திருந்த இளைஞர்.

படப்பிடிப்புக்காகப் பூனா சென்ற இடத்தில் இருவரும் காதலித்து மணம் புரிந்தனர். கிருஷ்ணன் ஏற்கெனவே மணமானவர் என்பது மதுரத்துக்குப் பிறகே தெரிய வந்தது. இதைப் பற்றி எழுதும்போது நம் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவர். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. இதைப் பற்றிப் பின்னர்க் கூறுகிறேன்.

இணைந்து செய்த தொழில்

அக்காலத் தமிழ்ப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் தனியே எழுதப்பட்டு, தனியே படமாக்கப்பட்டு, பின்னர் முதன்மைக் கதையோடு இணைக்கப்பட்டது. கிருஷ்ணனும் மதுரமும் தங்களுக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டு, கதை, உரையாடல், பாட்டு, நடிப்பு அனைத்தையும் தாங்களே அமைத்துக் கொடுத்தனர். இவ்விருவரும் இருந்தால்தான் படம் ஓடும் என்று விநியோகஸ்தர்கள் எண்ணும் நிலை வந்தது. ‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942), ‘மங்கம்மா சபதம்’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944), ‘சந்திரலேகா’ (1948) என்று அக்காலத்தின் பெரும் படங்களில் எல்லாம் இவர்களைக் காணலாம். பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய ‘சந்திரஹரி’ நாடகமும் 1941ஆம் ஆண்டில் இவர்கள் கைக்கு வந்தது. உண்மையே பேசும் அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, பொய்யே பேசும் ஒருவனைக் காட்டும் கதை அது.

இப்படங்களில் கிடைத்தவற்றை யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தேன். படத்தின் தரம் மங்கியிருக்கிறது. ஒலி சில இடங்களில் தேய்ந்திருக்கிறது. என்றாலும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மதுரம் ஏற்ற பாத்திரங்கள் பெரும்பாலும் பேதைகள் அல்லர். கணவன் ஏதோ ஒன்றைப் பெரிதாக அளப்பான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அளந்ததெல்லாம் அக்கேள்வியில் கவிழ்ந்துவிடும். கொட்டகை சிரிப்பது அவளைப் பார்த்தன்று. அவளோடு சேர்ந்து அவனைப் பார்த்து. தொல்காப்பியரின் சொல்லில் கூறினால், எள்ளல் அவள் கைக்கு வந்துவிடுகிறது.

இதற்கு அவருடைய உடல்மொழியும் காரணமாகும். அவர் தம்மை அழகற்றவராகக் காட்டிச் சிரிப்பு வாங்கவில்லை. தடுமாறி விழுந்தும் சிரிப்பு வாங்கவில்லை. நன்றாக உடுத்திக்கொண்டு, நேராக நின்று, குரலின் ஏற்ற இறக்கத்தாலும் கண்களாலும் சிரிக்க வைத்தார். பாட்டும் அவருக்குத் துணை நின்றது. உடுமலை நாராயண கவி இவ்விருவருக்காக எழுதிய பாடல்களுள் பல, கணவனும் மனைவியும் வாதாடிக்கொள்ளும் பாடல்களே. பொத்தானைத் தட்டினால் இட்டலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கும் காலத்தைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டை நம் தாத்தா பாட்டிமார் இன்றும் முணுமுணுப்பர். அடுப்பங்கரையில் வெந்துகொண்டிருந்த பெண்களுக்கு அப்பாட்டு வெறும் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

நகைச்சுவை நடிப்பில் எதிரே நிற்பவரின் பங்கு மிகப் பெரிது. ஒருவர் வீசும் பந்தை இன்னொருவர் சரியான நொடியில் பிடித்துத் திருப்பி அடிக்காவிட்டால் ஆட்டமே இல்லை. கிருஷ்ணன் பந்து வீசினார் என்றால், அதைத் திருப்பி அடித்தவர் மதுரம். அவரைத் துணை நடிகை என்று எழுதுவது, பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் பதக்கம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

திரையில் ஒன்று, வீட்டில் ஒன்று

இனி, நான் கடக்க விரும்பாத செய்திக்கு வருகிறேன். மதுரத்துக்குப் பிறந்த குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துவிட்டது. அதன் பின்னர், மதுரமே முன்நின்று தம் தங்கையைக் கிருஷ்ணனுக்கு மூன்றாம் மனைவியாக மணம் செய்து வைத்தார் என்று அவர்களுடைய வரலாறு கூறுகிறது. தங்கையின் பிள்ளைகளை மதுரம் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்.

திரையில் கணவனைக் கேள்வி கேட்டு மடக்கிய பெண், வீட்டில் இதற்கு உடன்பட்டாரே என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. சிலர் இதைத் தியாகம் என்று போற்றுவர். சிலர் இதை வைத்தே அவர் பெண்ணுரிமைக்கு எடுத்துக்காட்டாக முடியாது என்று ஒதுக்குவர். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. தியாகம் என்று போற்றுவோர், அதே தியாகத்தை ஓர் ஆணிடம் எதிர்பார்ப்பார்களா என்று யோசிக்க வேண்டும். ஒதுக்குவோர், அக்காலச் சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடை செய்யும் சட்டம் 1949ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது, நம் பெற்றோரின் இளமைக் காலம் வரை இது நம் மண்ணிலும் சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. குழந்தை இல்லாத பெண்ணுக்குச் சமூகம் கொடுத்த இடம் எதுவென்பதும் நாம் அறிந்ததே.

ஆகவே, மதுரத்தைத் தெய்வமாக்கவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். மேடையில் கிடைத்த உரிமை வீட்டில் கிடைக்காத ஒரு பெண்ணாக அவரைப் பார்ப்பதே நேர்மை. சிரிக்க வைக்கும் உரிமை பெரிதுதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதையும் அவர் வாழ்க்கையே நமக்குச் சொல்கிறது.

சோதனைக் காலம்

1944ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். திரைப்படக் கலைஞர்களின் அந்தரங்கங்களை அவதூறாக எழுதி வந்தவர் அவர். அவ்வழக்கில் அவ்வாண்டு டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945ஆம் ஆண்டில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோற்றது.

அப்போது பாகவதரும் கிருஷ்ணனும் மதுரமும் நடித்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. நினைத்துப் பாருங்கள்: கொட்டகைக்குள் மக்கள் கிருஷ்ணனையும் மதுரத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். அதே நகரில் கிருஷ்ணன் சிறையில் இருந்தார். மதுரம் வழக்குரைஞர்களின் வாசலில் இருந்தார்.

சேர்த்த பொருளெல்லாம் வழக்குச் செலவில் கரைந்தது. கிருஷ்ணனின் பெயரால் இயங்கிய நாடகக் குழுவும் தடுமாறியது. கே.ஆர். ராமசாமி பிரிந்து சென்று கிருஷ்ணன் நாடக சபா என்ற தனிக்குழுவைத் தொடங்கினார். மதுரம் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவைத் தொடர்ந்து நடத்தினார். குழுவை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் சோறு போட வேண்டும், வழக்கையும் நடத்த வேண்டும் என்ற நிலை. அக்குழு மேடையேற்றிய ‘பைத்தியக்காரன்’ நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகவும் எடுக்கப்பட்டது.

வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கிருந்து மறுவிசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டிருந்தன. கிருஷ்ணனுக்காக வாதாடியவர் வி.எல். எத்திராஜ். மறு ஆண்டிலேயே சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தவர் அவரே.

விடுதலையான கிருஷ்ணனுக்கும் இடம் கொடுக்கும் வகையில் ‘பைத்தியக்காரன்’ கதை மாற்றப்பட்டது. ஏற்கெனவே ஒரு வேடத்தில் நடித்திருந்த மதுரம், அவருக்கு இணையாக இன்னொரு வேடத்தையும் ஏற்றார். ஒரே படத்தில் இரு மதுரங்கள். கணவர் இல்லாமல் நின்ற மதுரம் ஒருவர், கணவரோடு நின்ற மதுரம் இன்னொருவர் என்று அதைப் பார்க்க எனக்குத் தோன்றுகிறது.

பாகவதர் சிறைக்குப் பின் பழைய இடத்தை மீண்டும் பிடிக்கவே இல்லை. கிருஷ்ணன் பிடித்தார். 1949ஆம் ஆண்டில் அண்ணாவின் கதை வசனத்தில் ‘நல்லதம்பி’, 1951ஆம் ஆண்டில் அவரே இயக்கிய ‘மணமகள்’ என்று தொடர்ந்தார். இதற்கு அவருடைய திறமை ஒரு காரணம். அவர் திரும்பி வருவதற்கு ஒரு மேடையும் ஒரு குழுவும் ஒரு படமும் காத்திருந்தது இன்னொரு காரணம். அவற்றைக் காத்து வைத்தவர் மதுரம்.

பிந்திய ஆண்டுகள்

கிருஷ்ணனின் வள்ளல் தன்மை பற்றிய கதைகள் ஏராளம். இல்லையென்று வந்தவருக்கு இருப்பதை எல்லாம் கொடுத்தார் என்பர். அப்படிக் கொடுக்கும் வீட்டில் மறுநாள் உலை வைக்கும் கவலை யாருக்கு இருந்திருக்கும் என்று நாம் கேட்பதில்லை. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் கிருஷ்ணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. அதன்பின் மதுரம் திரையில் அரிதாகவே காணப்பட்டார். இணையை இழந்த நகைச்சுவை நடிகைக்குக் கதை எழுத அன்று யாருக்கும் தோன்றவில்லை போலும். பெரிய குடும்பத்தைத் தாங்கி நின்ற அவர், 1974ஆம் ஆண்டில் மறைந்தார். நாகர்கோவிலில் கிருஷ்ணன் கட்டிய வீட்டுக்கு மதுர பவனம் என்று பெயர். மதுரத்துக்குக் கிருஷ்ணன் எழுப்பிய நினைவுச்சின்னம் என்று அதனைக் கூறலாம்.

அவருக்குப் பின் வந்தவர்கள்

மதுரத்தின் காலத்திலும் அதற்குப் பின்னும் நகைச்சுவை நடிகைகள் பலர் தோன்றினர். ‘சபாபதி’ (1941) படத்தில் காளி என். ரத்தினத்தோடு நடித்த சி.டி. ராஜகாந்தம், ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் கே.ஏ. தங்கவேலுவோடு நடித்த எம். சரோஜா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இவ்விருவரும் உடன் நடித்த நகைச்சுவை நடிகரையே மணந்தவர்கள். சிரிக்க வைக்கும் பெண்ணைச் சமூகம் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், சிரிக்க வைக்கும் ஆணின் மனைவியாக அவள் இருக்க வேண்டியிருந்தது.

இவ்வேலியைத் தாண்டியவர் மனோரமா. எந்த நடிகரின் இணையாகவும் அடங்கிவிடாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியை யாரால் மறக்க இயலும்? 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது ஆச்சி என்று ஊரே அழுதது. அந்த ஆச்சிக்கு முன்னால் பாதை வெட்டியவர் மதுரம் என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தனர்?

அவர் வெட்டிய பாதையிலும் புதர் மண்டவே செய்தது. பிற்காலப் படங்களில் பெண்ணின் நிறமும் பருமனும் பல்லும் சிரிப்புக்குப் பொருளாயின. கணவனை அடிக்கும் மனைவி என்பது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. 1996ஆம் ஆண்டில் வந்த ‘அவ்வை சண்முகி’யில் கமல்ஹாசன் சேலை கட்டிச் சிரிக்க வைத்தார். அப்பெயர், அவ்வையார் வேடத்தில் புகழ் பெற்ற டி.கே. சண்முகத்தை நினைவுகூர்வது. கிருஷ்ணன் பயின்ற அதே டி.கே.எஸ். குழுவைச் சேர்ந்தவர் அவர். பாய்ஸ் கம்பெனியில் கட்டிய சேலையை நாம் இன்னும் அவிழ்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

நம் பினாங்கின் மைந்தர் பி. ரம்லியின் படங்களையும் இங்கே நினைக்கலாம். கிருஷ்ணன் மறைந்த அதே 1957ஆம் ஆண்டில்தான் ‘பூஜாங் லாப்போக்’ வெளிவந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது, என் மலாய்த் தோழிகளும் நானும் சேர்ந்து சிரிக்கக் கிடைத்த முதல் பாலம் அப்படங்கள்தாம். அதிலும் சிரிக்க வைப்போர் மூவர்; மூவரும் ஆண்கள். ஆகவே இது தமிழர் குறை மட்டுமன்று என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம்மிடம் ஒரு மதுரம் இருந்தார் என்பதால், நமக்கு அந்த ஆறுதல் போதாது.

நம் மேடையில் நடப்பது என்ன?

வரலாற்றைப் பேசி முடித்துவிட்டால் கட்டுரை முழுமை பெறும். ஆனால் மனம் முழுமை பெறவில்லை. நான் பார்த்த மாணவர் கலையிரவுகளில் நகைச்சுவை நாடகம் இல்லாத நிகழ்ச்சியே இல்லை. அவற்றில் எழுதியவர் ஆண், இயக்கியவர் ஆண், நடித்தோரில் பெரும்பாலோர் ஆண்கள். மாமியார் வேடத்துக்கு ஒரு மாணவர் சேலை கட்டி, உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு வருவார், அரங்கம் அதிரும். மாணவிகளுக்கு வரவேற்பு நடனமும் பரிசுத் தட்டு ஏந்தும் பணியும். ஒரு கலையிரவின் ஒத்திகையில் நகைச்சுவை வேடம் கேட்ட என் தோழி ஒருத்திக்கு, பெண் பிள்ளை அப்படிச் செய்தால் பார்க்க நன்றாக இராது என்று பதில் வந்தது. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடுதிக்குத் திரும்பி, பதில் சொன்னவரை அவள் நடித்துக் காட்டியபோது, அறையில் இருந்த ஆறு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அரங்கத்துக்குக் கிடைக்காத சிரிப்பு அது.

பெண்களுக்கு நகைச்சுவை வராது என்போர் அந்த அறைக்கு வந்ததில்லை. விறகடுப்பைச் சுற்றியும், தோட்டப்புற லயத்து வாசலிலும், மருதாணி இடும் இரவிலும் நம் பாட்டிமார் ஊரையே எள்ளிச் சிரித்திருக்கின்றனர். பெண்ணிடம் சிரிப்பு இல்லாமல் இல்லை, ஒலிவாங்கிதான் இல்லை. மதுரத்தின் பெருமை அவர் சிரித்ததில் இல்லை. அச்சிரிப்பை அடுப்பங்கரையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஆயிரம் பேர் அமர்ந்திருந்த கொட்டகையின் நடுவே வைத்ததில் இருக்கிறது.

எனவே, கழகத்து நண்பர்களுக்கும் இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கலையிரவுக்கான நாடகத்தை எழுதும் குழுவில் மாணவிகள் பாதியளவாவது இருக்கட்டும். நடிக்க மட்டுமன்று, எழுதவும் இருக்கட்டும். ஏனெனில், யாரை எள்ளுவது என்பதை முடிவு செய்பவர் எழுதுபவரே. சேலை கட்டும் வேடத்தை ஒரு முறையாவது சேலை கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் சிரிக்கப்படும் பொருளாக அல்லாமல், கேள்வி கேட்டுக் கவிழ்க்கும் ஆளாக நிற்கட்டும். அரங்கம் சிரிக்குமா என்று ஐயப்படுவோர், எண்பது ஆண்டுகளுக்கு முந்திய படம் ஒன்றைத் தேடி எடுத்து, மதுரம் இடுப்பில் கை வைத்து நிற்கும் காட்சியைப் பார்க்கலாம். அவர் வாய் திறக்கும் முன்பே சிரிப்பு வந்துவிடும்.